கெட்டிமேளத்துக்கு முன்னாடி போய் நில்லு மாப்ளே

கேமரா வாங்கிட்டியாம், தவணையில. ஒங்கம்மா போன் போட்டு, "அண்ணே, ஒம் மருமகன் போட்டோகிராபர் ஆயிட்டான்"னு சொல்லுறப்ப அவ கொரலைக் கேட்டிருக்கணும் நீ. கலெக்டர் ஆயிட்டான்னாக்கூட அம்புட்டுப் பூரிப்பு வந்திருக்காது. தவணையை யாரு கட்டப் போறாங்கிறதை அவ இன்னும் யோசிக்கல போல. இருக்கட்டும், சந்தோஷமா இருக்குறவளை எதுக்குக் கலைப்பானேன்.

இன்ஸ்டாகிராம்ல பக்கமும் தொறந்தாச்சு. ஒம் பேரு, பக்கத்துல 'வெட்டிங் பிலிம்ஸ்', கீழ ஒரு பட்டாம்பூச்சி. எடுத்த கல்யாணம் எத்தனைடான்னு கேட்டா, "வர்ற தையில சேக்காளி கல்யாணம் இருக்கு மாமா"ங்கிற. ரொம்பச் சரி. நம்மூர்ல எப்பவும் போர்டுதான் மொதல்ல மாட்டுவாய்ங்க, வேலையைப் பெறகு கத்துக்குவாய்ங்க.

ஒந் தாய்மாமன் கேமரா தொட்டவன் இல்ல. ஆனா கல்யாணம் பாத்தவன். உசிலம்பட்டிப் பக்கம் எந்த மண்டபத்துல விசேஷம்னாலும் வாசலோரமா டேபிளைப் போட்டு மொய் நோட்டோட ஒக்காருறவன். அங்கிட்டு ஒக்காந்து பாத்தா மேடையும் தெரியும், பந்தியும் தெரியும், யாரு யாரோட பேசலங்கிறதும் தெரியும். அது போக, மண்டபத்துலயே ஒழுங்கா கரண்டு வர்ற பிளக்கு எங் காலடியிலதான் இருக்கும். பேட்டரிக்கு சார்ஜ் போட வர்ற போட்டோக்காரவுக அம்புட்டுப் பேரும் எங்கிட்டதான் வந்து நின்னு மூச்சு வாங்குவாக. அவுக சொன்னதைக் காதுல வாங்குனேன், செஞ்சதைக் கண்ணால பாத்தேன். ஒனக்கு ஓசியில சொல்லுறேன், கேட்டுக்க. ஓசியில வர்றதுன்னா ஒனக்குப் பிடிக்குமே.

கோவிச்சுக்காம ஒண்ணு கேளு. நல்லாப் படம் எடுக்குறவுகளுக்குக் கேமராவைப் பத்தித் தெரிஞ்சதை விட கல்யாணத்தைப் பத்தித் தெரிஞ்சதுதான் சாஸ்தி. நீ கேமராப் பொட்டிக்குள்ள இருந்த புஸ்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்க. நலங்குக்கு அப்புறம் என்ன, மாலை மாத்துறதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டா என்னைப் பாத்து முழிக்கிற.

ஒங்கப்பன் கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோக்காரரு யாஷிகா வச்சிருந்தாரு. ரெண்டு கண்ணு கேமரா. கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு தலையைக் குனிஞ்சு மேல இருக்குற கண்ணாடியைப் பாக்கணும். அதுல வலது இடதாத் தெரியும், இடது வலதாத் தெரியும். ஆளு வலப்பக்கம் நகந்தா கண்ணாடியில இடப்பக்கம் போவாரு. அதோட போராடிக்கிட்டேதான் எடுக்கணும். 120 ரோல் பிலிம், சதுரப் படம், ரோலுக்கு 12. பன்னெண்டு முடிஞ்சதும் ஒரு மூலையில ஒதுங்கி அடுத்த ரோல் மாட்டணும். அந்த நேரம் பாத்துத் தாலியைக் கட்டிப்புட்டா போச்சு, பொண்ணு வீட்டுக்காரன் ஸ்டுடியோ வாசல்ல வந்து நிப்பான். அதனால அந்த மனுசன் வெரலைக் கடைசியிலதான் அசைப்பாரு, கண்ணை மொதல்லயே அனுப்பிருவாரு. தாலித் தட்டு கெளம்புறப்பவே ரோல்ல எத்தனை மிச்சம்னு பாத்து, ரெண்டு மூணுதான்னா அதை வீணாப் போனாலும் போகட்டும்னு கழட்டிட்டுப் புது ரோல் போட்டுருவாரு.

ஒனக்கு அந்தக் கஷ்டம் ஏது? ஒரு நொடிக்குப் பத்துப் படம் எடுக்குமாம் ஒங் கேமரா. அழுத்திப் பிடிச்சா கடகடன்னு சத்தம் வரும், மேடையில இருக்குற கொழந்தை பயந்து அழும். அறுபது படம் எடுத்து, அறுபதுலயும் மாப்பிள்ளையோட தோள்பட்டை மட்டும் விழுந்திருந்தா அது அறுபது படமா, ஒரு தப்பான எடமா? யோசிச்சுப் பாரு.

வேலை தெரிஞ்ச ஆளு முந்துன நாளு சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வர்றப்பவே மறுநாள் காலைக்கு உண்டான வேலையையும் ஆரம்பிச்சுருவாரு. மணவறை எந்தத் திசை பாத்துப் போட்டிருக்குன்னு பாப்பாரு. பொண்ணு மாப்பிள்ளையைப் பெரும்பாலும் கெழக்க பாத்துத்தான் ஒக்கார வைப்பாக. வீட்டு வாசல்ல பந்தல்னா காலை வெயில் நேரா மூஞ்சியில விழும், அம்புட்டு நல்ல வெளிச்சம் காசு குடுத்தாலும் கெடைக்காது. மண்டபம்னா செவுரு மறைக்கும், அப்ப சன்னல் எங்க, விளக்கு எங்கன்னு நடந்து பாப்பாரு. பெறகு ஐயரைத் தேடிப் போவாரு. "சாமி, ஹோமகுண்டம் எங்க வைப்பீங்க? நீங்க எந்தப் பக்கம் ஒக்காருவீங்க?" ஐயரு தோளு படத்தை மறைக்கக் கூடாதுன்னா ஐயரோட சிநேகம் முக்கியம். மேடைக்கு முன்னாடி அவரை அதட்டுறவனுக்குத் தாலி கட்டுற நேரத்துல ஐயரோட குடுமி மட்டும்தான் கெடைக்கும்.

அடுத்தது ரெண்டு வீட்டுலயும் ஆளுக்கொருத்தரைப் பிடிப்பாரு. சொந்தபந்தம் அம்புட்டும் தெரிஞ்ச வாயாடி ஆளா இருக்கணும். பொண்ணோட அப்பத்தா எது, அம்மாச்சி எது, சின்ன வயசுல தூக்கி வளத்த பெரியம்மா எது, தாய்மாமன் யாருன்னு கேட்டுக் குறிச்சு வச்சுக்குவாரு. மொய் எழுதுறவன் சொந்தக்காரனைப் பாத்து "நீங்க யாரு?"ன்னு கேட்டா எப்பிடிச் சண்டை வருமோ, அதே சண்டைதான் ஆல்பத்துல ஆளு விட்டுப்போனாலும் வரும். அதுலயும் தாய்மாமன் சீர் கொண்டு வர்ற படம் விட்டுப்போச்சுன்னா ரெண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்னுபோகும். இதை நான் அழுத்திச் சொல்லுறதுல சொந்த லாபம் எதுவும் இல்ல. பொதுநலந்தான்.

இப்ப ஒனக்குத் தாலி கட்டுறதைச் சொல்லுறேன், கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. கெட்டிமேளம் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் எடுத்தர்லாம்னு நெனைக்கிறேல்ல? அந்தச் சத்தம் கேட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். முன்வரிசையில இருக்குறவுக அம்புட்டுப் பேரும் கையில அரிசியோட எந்திரிச்சிருவாக. ஒனக்குத் தெரியப் போறது பெரியப்பா முதுகு.

அடையாளம் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுரும். தட்டுல தேங்காயை வச்சு அதுல மஞ்சக் கயிறைச் சுத்தி, சபைக்குள்ள அனுப்புவாக. பெரியவுக தொட்டுக் கும்புட்டுக் கும்புட்டுக் குடுப்பாக. அது பின்வரிசைக்குப் போறப்ப நீ பேட்டரியைப் பாரு, கார்டைப் பாரு. தட்டு திரும்பி மேடைப் படி ஏறுதா, நீ ஒன் எடத்துக்குப் போயிரணும். அட்சதைக் கிண்ணம் வரிசை வரிசையாப் போகும். தவில்காரரு சும்மா தட்டிக்கிட்டு இருந்தவரு ஐயரு மூஞ்சியையே பாக்க ஆரம்பிப்பாரு. மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ பொண்ணுக்குப் பின்னால வந்து நின்னு சேலையை ஒதுக்கிக்கிட்டு, பொண்ணோட சடையைத் தூக்கிப் பிடிக்கும். அந்தச் சடை தூக்குறதுதான் கடைசி மணி. ஐயரு வெரலை ஆட்டுறதும் மேளம் கொட்டுறதும் அதுக்கப்புறம்.

எங்க நிக்கணும்? மாப்பிள்ளை ரெண்டு கையையும் தூக்கிப் பொண்ணு கழுத்துக்குக் கொண்டு போவாரு. அவரு பக்கம் நின்னா அவரு கையே பொண்ணு மூஞ்சியை மறைச்சிரும். அதனால பொண்ணு பக்கம், கொஞ்சம் சாய்வா, முட்டி போட்டு ஒக்காந்து எடுக்கணும். அப்பத்தான் கயிறும் தெரியும், கையும் தெரியும், கண்ணைத் தாழ்த்துற பொண்ணும் தெரியும். கூட வந்த ஆளு எதிர்ப்பக்கம் நின்னு மாப்பிள்ளை மூஞ்சியைப் பிடிப்பான். மூணாவது ஆளு இருந்தா ஒசரத்துல ஏறி நின்னு, அரிசி பறக்குறதையும் சபை எந்திரிக்கிறதையும் ஒண்ணா எடுப்பான். மூணு பேரும் ஒரே எடத்துல நின்னு முட்டிக்கிறது ஒன்னைய மாதிரி ஆளுகளோட ஏற்பாடு.

மொத முடிச்சு போட்டதும் அப்பிடியே கேமராவை எறக்கிப் படம் நல்லா வந்திருக்கான்னு பாக்காத. மிச்ச முடிச்சு நாத்தனார் போடுவாக. அது முடிஞ்சதும் மாப்பிள்ளை கையைச் சுத்திக் கொண்டுபோய் பொண்ணு நெத்தியில குங்குமம் வைப்பாரு. அந்த நேரம்தான் பொண்ணைப் பெத்தவன் கூட்டத்துக்குள்ள நின்னு துண்டால கண்ணைத் தொடைப்பான். அதை எடுக்க ஒருத்தன் திரும்பிப் பாத்தான்னா அவன் போட்டோகிராபர். நீ திரையில படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டு இருப்ப.

எல்லாக் கல்யாணமும் இதே வரிசைன்னு நெனைச்சுக்காத. கொங்குப் பக்கம் போனா அருமைக்காரரு வச்சதுதான் சட்டம், இணைச்சீர்னு தனியா ஒண்ணு இருக்கு. ஐயர் வீட்டுல மாப்பிள்ளை குடை, விசிறி, தடியோட காசிக்குக் கெளம்பிருவாரு, நெசமாப் போறாருன்னு நெனைச்சு நீ பையைக் கட்டிராத. சர்ச்சுல பூசை நேரத்துல எங்க நிக்கலாம், பிளாஷ் போடலாமான்னு சாமியாரை முன்கூட்டிக் கேக்கணும். நிக்காஹ்ல சம்மதம் கேக்குறதும் கையெழுத்துப் போடுறதும்தான் பெரிய நேரம், அங்கபோய்த் தாலி எப்பன்னு கேட்டு நிக்காத. சுயமரியாதைக் கல்யாணம் இன்னும் சூட்சுமம். 1967ல அண்ணா ஆட்சியில சட்டமாச்சு அது. ஹோமம் இல்ல, ஐயர் இல்ல. தலைவரு மைக்கைப் பிடிச்சு நாட்டு நடப்பு பேசிக்கிட்டே இருப்பாரு. நீ கொட்டாவி விடுற நேரமாப் பாத்துத் தாலியை எடுத்துக் குடுத்துருவாரு. திருப்பரங்குன்றத்துல முகூர்த்த நாளன்னைக்குப் போனா ஒரே நேரத்துல ஏகப்பட்ட ஜோடி நிக்கும். ஒன் பொண்ணு மாப்பிள்ளை யாருங்கிறதை மொதல்ல நல்லாப் பாத்து வச்சுக்க.

வெளிச்சத்துக்கு வருவோம். பிளாஷை நேரா மூஞ்சியில அடிச்சா மூக்கும் நெத்தியும் எண்ணெய் வழியும், பின்னால செவுத்துல கருப்பா நெழல் நிக்கும். மண்டபத்துக் கூரை வெள்ளையா, தாழ்வா இருந்தா பிளாஷோட தலையை மேல திருப்பி அடிக்கணும், வெளிச்சம் கூரையில பட்டு மெதுவா எறங்கும். எல்லாக் கூரைக்கும் இது சரிப்படாது. கூரைக்குப் பச்சை அடிச்சிருந்தான்னா மாப்பிள்ளையும் பச்சையாத்தான் இருப்பாரு. செவப்பும் மஞ்சளுமாத் துணி கட்டுன பந்தல்ல அடிச்சா அம்புட்டுப் பேரு மூஞ்சியிலயும் அந்தக் கலரு ஏறும். முப்பது அடி ஒசரத் தகரக் கொட்டகையில வெளிச்சம் போய்ச் சேந்துரும், திரும்பி வராது. அங்கெல்லாம் ஸ்டாண்டுல தனி லைட்டு போட்டு, அதுக்குக் குடையோ பெட்டியோ மாட்டி, ஓரத்துல இருந்து அடிப்பாக.

கேமராக் கணக்கும் ஒண்ணு ரெண்டு காதுல விழுந்திருக்கு. மண்டபத்துக்குள்ள பிளாஷ் இல்லாம எடுக்குறவுக ஐஎஸ்ஓவை 1600, 3200ன்னு தாராளமா ஏத்துறாக. படத்துல கொஞ்சம் புள்ளி விழுந்தா யாரும் கேக்க மாட்டாக, பொண்ணு மூஞ்சி ஆடிப்போச்சுன்னாத்தான் கேப்பாக. லென்சு 24-70, 70-200, ரெண்டும் 2.8 தொறப்பு. மொதல்ல சொன்னது மேடைக்கு, அடுத்தது தள்ளி நின்னு ஒருத்தருக்கும் தெரியாம எடுக்க. காசு இல்லையா, 50ல ஒரு 1.8 வாங்கிக்க, வெலை கம்மி, இருட்டுலயும் எடுக்கும், கிட்ட வேணும்னா ஒங் காலால நடந்து போ. அட்சதை காத்துல அப்பிடியே நிக்கணும்னா ஷட்டர் 1/500 வேணும். பிளாஷ் போட்டா பெரும்பாலான கேமரா சாதாரணமா 1/200, 1/250க்கு மேல போகாது, அதையும் தெரிஞ்சு வச்சுக்க. மேடைக்குப் பின்னால எல்இடி திரை வச்சிருந்தா மொதல்லயே ரெண்டு படம் எடுத்துப் பாரு. பட்டை பட்டையாக் கோடு விழுந்தா சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைச்சுட்டு, ஷட்டர் வேகத்தைக் கொறைச்சுப் பாரு. முகூர்த்தத்துல போய்க் கண்டுபிடிக்காத.

இனிமே குரூப் போட்டோ. கலையே இல்லாத வேலைன்னு மூக்கைச் சுளிக்கிறியாம், ஒங்கம்மா சொன்னா. நீ சுளிக்கிற அந்தப் படத்தைத்தான் மாப்ளே வீட்டுச் செவுத்துல மாட்டுவாக. இருவது வருசம் கழிச்சு யாரு இருந்தா, யாரு போனான்னு பாக்குறதும் அதுலதான். வயசானவுகளை நாற்காலியில ஒக்கார வை. பொடிசுகளைக் கீழ ஒக்கார வை. பின்னால ஒசந்தவன், முன்னால குட்டையன். கைப்பையும் செல்போனும் தூக்கிக்கிட்டு நிக்குறவுககிட்ட கேட்டு வாங்கி வை. கேட்டா கோவிச்சுக்க மாட்டாக, ஆல்பத்துல பாத்துட்டுத்தான் கோவிச்சுக்குவாக.

கண்ணு மூடுற சங்கதிக்கு ஒரு கணக்கே இருக்கு. ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓ-ன்னு அரசாங்க ஆராய்ச்சி நிலையம். அங்க நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ்னு ரெண்டு பேரு, கூட்டமா நிக்கிறவுகள்ல ஒருத்தர்கூடக் கண்ணை மூடாத படம் வேணும்னா எத்தனை எடுக்கணும்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாக. இருவது பேருக்குள்ள இருந்தா, நல்ல வெளிச்சத்துல தலையை மூணால வகு, மோசமான வெளிச்சத்துல ரெண்டால வகு. பன்னெண்டு பேரு நின்னா வெயில்ல நாலு படம், மண்டபத்துல ஆறு படம். இதுக்கு 2006ல இக் நோபல்னு ஒரு பரிசு குடுத்தாக, சிரிக்கவும் வைக்கணும், யோசிக்கவும் வைக்கணும், அந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் குடுக்குறது. நீ ஒரே ஒரு படம் எடுத்துட்டு "சூப்பர் அங்கிள்"னு கட்டை வெரலைக் காட்டுற. மாமா கணக்குல மோசம்னாலும் ஆறுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் இந்த கேண்டிட். ஒம் பக்கத்துல எல்லாமே கேண்டிடாம். பொண்ணை நிக்க வச்சு, "அக்கா, அந்தப் பக்கம் பாருங்க, சும்மா சிரிங்க, யாரோ ஜோக் சொன்ன மாதிரி"ன்னு பத்துத் தடவை சொல்லி எடுத்தது எப்பிடிடா கேண்டிட்? நெசமான ஆளு எப்பிடி எடுக்குறாருன்னு பாத்திருக்கேன். மண்டபத்துக்குள்ள வந்து கொஞ்ச நேரம் கேமராவோட சும்மா சுத்துவாரு, நாலு பேருகிட்டப் பேசுவாரு, காபி குடிப்பாரு. சனங்க அவரை மறந்துரும். மறந்தப்புறந்தான் வேலையை ஆரம்பிப்பாரு. சட்டை மங்குன கலரு, மேடையேறுறப்பச் செருப்பை வெளிய கழட்டிருவாரு. தாலித் தட்டு இருக்குற எடத்துல ஷூவோட ஏறி நிக்கிறவனைப் படியை விட்டு எறக்குறதுக்குன்னே ஒரு சித்தப்பா ஒவ்வொரு வீட்டுலயும் இருக்காரு.

பொண்ணு அலங்காரம் பண்ணுற அறைக்குள்ள கதவைத் தட்டாமப் போகாத. நல்ல யூனிட்டுகாரவுக அந்த வேலைக்குப் பொம்பளைப் பிள்ளையை அனுப்புறாக, அங்க நடக்குற கேலியும் அழுகையும் அதுக்குத்தான் தெரியும். அப்புறம், எந்த நேரமும் எங்க முன்னாடியே நிக்காத. நாங்க சொந்த வேலையை விட்டுட்டு பஸ் ஏறி வந்தது பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்க. ஒன் பேண்ட்டு பின்பாக்கெட்டைப் பாக்க இல்ல. வேலை தெரிஞ்சவரு முன்னாடி வருவாரு, குனிஞ்சு எடுப்பாரு, வெலகிருவாரு.

சேக்காளி கல்யாணத்துக்குச் சும்மா விருந்தாளியாப் போறேன்னா ஒனக்கு இன்னும் வசதி. காசு வாங்குனவன் மேடையை விட்டு நகர முடியாது. ஒனக்கு மண்டபம் பூரா சொந்தம். சமையக்கட்டுல விடியக்காலம் அண்டா எறக்குறதை எடு. பந்தியில எலையைத் தண்ணி தெளிச்சுத் தொடைக்கிற கையை எடு. அப்பத்தா மாத்திரையைச் சாம்பார் சோத்தோட முழுங்குறதை எடு. நாகசுரக்காரரு ஓரமா ஒக்காந்து சீவாளியைச் சரிபண்ணுறதை எடு. அதுல ஒண்ணு நல்லா வந்தா கல்யாண வீட்டுக்காரன் ஒன்னைத் தேடி வருவான். ஆனா மேடைக்கு முன்னாடி அந்தப் போட்டோக்காரரு கையைத் தட்டிவிட்டுச் செல்போனை நீட்டாத. தாலி கட்டுறப்ப அவரு படத்துல விழப்போறது ஒன் கையும் ஒடைஞ்ச செல்போன் கண்ணாடியுந்தான்.

படம் எடுத்து முடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு பந்திக்கு ஓடாத. கேமராவுல ரெண்டு கார்டு போடுற வசதி இருந்தா ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதியுற மாதிரி வை. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. ரெண்டு மூணு கேமரா ஓடுனா, கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாக் கேமராவோட கடிகாரத்தையும் ஒண்ணா வச்சிரு. இல்லேன்னா கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப தாலி கட்டுனதுக்கு அப்புறம் மாப்பிள்ளை அழைப்பு வரும். வீட்டுக்குப் போனதும் ரெண்டு எடத்துல பிரதி போடு, ரெண்டையும் ஒரே பைக்குள்ள வச்சுட்டுத் தூங்காத.

மூவாயிரம் படத்தையும் அப்பிடியே பென்டிரைவ்ல போட்டுக் குடுக்குறவன் வேலை முடிச்சவன் இல்ல, வேலையை அடுத்தவன் தலையில எறக்குனவன். நல்ல ஆளு கழிச்சுக் கட்டுறதுலதான் மூளையைச் செலவழிப்பாரு. கரிஷ்மா ஆல்பத்துல 12க்கு 36 இஞ்சு தாளுக்கு ஒரு பெரிய படம், நாலு சின்னப் படம்னு நிதானமா வைப்பாரு. நீ தாளுக்கு இருவது மூஞ்சியைத் திணிச்சு, மேல ரோஜாப்பூ தூவி, பொண்ணு கண்ணுல ரெண்டு நட்சத்திரம் வைப்ப. இன்னொண்ணு. பொண்ணைக் கம்ப்யூட்டர்ல வெளுக்காத. மாநிறத்துப் பிள்ளையைச் சுண்ணாம்பு பூசி வச்சா, ஆல்பத்தைப் பாத்த மாமியாரு "இது யாருத்தா?"ன்னு கேக்குது, பக்கத்துல நிக்கிற அந்தப் பிள்ளை மூஞ்சி சுருங்குது. நான் பாத்திருக்கேன்.

காசு விசயத்துல எங்கிட்டயே கூச்சப்படுறவன் நீ, வெளியாளுகிட்ட என்ன பேசப் போற? எத்தனை நாள், எத்தனை ஆளு, எத்தனை படம், ஆல்பம் எப்ப, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் வாங்கிரு. சொன்ன தேதியில குடு. கல்யாண ஆல்பம் வளைகாப்பன்னைக்கு வந்து சேர்ற கதையெல்லாம் எங்க டேபிளுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. அப்புறம் ஒம் பக்கத்துல கண்ட பொண்ணு படத்தையும் போடாத. 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுல தெளிவா இருக்கு. காசு குடுத்துப் படம் எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அந்தப் படத்துக்கு மொத சொந்தக்காரர் காசு குடுத்தவருதான். போடணும்னா அதையும் அந்தத் தாள்லயே எழுதிக் கேட்டு வாங்கிக்க. சட்டம் இருக்கட்டும், பொண்ணோட அண்ணன்மாரு சட்டம் படிச்சுட்டா வருவாய்ங்க?

டிரோன் வாங்கலாம்னு ஒரு யோசனை இருக்காமே. 2021 டிரோன் விதிப்படி டிரோனைப் பதிவு பண்ணி எண்ணு வாங்கணும். விமான நெலையத்துப் பக்கம்னா அனுமதி இல்லாமப் பறக்க விட முடியாது. பந்திக்கு மேல பறக்க விட்டா அனுமதியை எங்க பெருசுகளே ரத்து பண்ணிருவாக. மொதல்ல கட்ட வேண்டியதைக் கட்டு.

தைக்கு முன்னாடி மார்கழி வருது, முகூர்த்தம் கெடையாது. போட்டோக்காரவுக ஸ்டுடியோவுல ஒக்காந்து ஆல்பம் போட்டுக்கிட்டு, கேமராவைத் தொடைச்சுக்கிட்டு இருக்குற மாசம். நல்லவரு ஒருத்தரைப் பாத்து, அண்ணே பை தூக்க வர்றேன்னு போய் நில்லு. சம்பளம் கேக்காத. தையில அவரோட போறப்ப கேமராவைத் தொடாத. அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு ஒவ்வொரு தடவையும் நீயே மனசுக்குள்ள சொல்லிப் பாரு. சொன்னது நடந்தா நீ தேறிட்ட. நடக்கலேன்னா அவரு எங்க பாத்துக்கிட்டு இருந்தாருன்னு பாரு.

கடைசியா ஒண்ணு. வைகாசியில ஒந் தங்கச்சி கல்யாணத்தை நீயே எடுக்கப் போறேன்னு வீட்டுல அடம் பிடிக்கிறியாம். முடியாது மாப்ளே, வேற ஆளுக்கு நான் அட்வான்ஸ் குடுத்தாச்சு. நீ நல்லா எடுக்க மாட்டங்கிறதுக்காக இல்ல. மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வர வேண்டிய மச்சினன் நீ. கேமராவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா அந்த எடத்துல யாரை நிறுத்துறது? கூடப் பெறந்தவ தாலி கட்டிக்கிறப்ப அண்ணங்காரன் கண்ணுல தண்ணி வரணும், அதை வேற ஒருத்தர் எடுக்கணும். தொழில்காரவுகளே தன் வீட்டு விசேஷத்துக்குச் சேக்காளி போட்டோக்காரரைத்தான் வரச் சொல்லுறாக.

வர்ற ஆளுகிட்ட நான் ஒரே ஒரு விசயம்தான் பேசி வச்சிருக்கேன். சீர்த்தட்டோட நான் மேடையேறுறப்ப பிளாஷைக் கூரைக்குத் திருப்பிருங்க தம்பி, எந் தலையில ஏற்கெனவே வேண்டிய வெளிச்சம் இருக்குன்னு.